பைப்பா, டியூப்பா? ரஷ்ய மொழிக்குப் போன நம் ஊர்க் குழாய்

"வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட்டும் வந்துவிட்டது. இதை வைத்து மொழிபெயர்ப்பு வேலை செய்து நாலு காசு பார்க்க முடியுமா?" பெரம்பலூரில் என்னைத் தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முடியும். நானே பல வருடங்களாகச் செய்து வருகிறேன். ஆனால் கம்ப்யூட்டர் எந்த இடத்தில் கைகொடுக்கும், எந்த இடத்தில் காலை வாரிவிடும் என்பது தெரியாமல் இறங்கினால் பணமும் போகும், பெயரும் போகும். என்னுடைய முதல் பெரிய வேலையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அது இரும்புக் குழாய் பற்றிய வேலை. ஆங்கிலத்திலிருந்து ரஷ்ய மொழிக்கு!

பெரம்பலூரில் ரஷ்ய மொழியா என்று சிரிக்காதீர்கள். அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்திலிருந்து அதிக தூரமில்லாத நெய்வேலியில் முதல் அனல்மின் நிலையமே சோவியத் உதவியோடு கட்டியதுதான். முதல் யூனிட் 1962-இல் ஓடத் தொடங்கியது. 50 மெகாவாட்டில் ஆறு, 100 மெகாவாட்டில் மூன்று, மொத்தம் 600 மெகாவாட். அந்தப் பழைய யூனிட்டுகள் 2020-க்குள் ஓய்வு பெற்றுவிட்டன. தெற்கே கூடங்குளத்தில் ரஷ்ய அணு உலைகள் இருக்கின்றன. 1988-இல் ஒப்பந்தம், 2013-இல் முதல் உலையின் மின்சாரம். இரண்டு இடத்திலும் இயந்திரத்தோடு சேர்ந்து ரஷ்யச் சொற்களும் வந்து இறங்கின. யாரோ ஒருவர் உட்கார்ந்து அவற்றை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். நான் செய்தது அதன் எதிர்த்திசை, மிகச் சிறிய அளவில்.

எனக்கு ரஷ்ய மொழியில் ஆசை வந்தது மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகங்களால். நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தார் கண்காட்சியில் விற்பார்கள். நல்ல தாள், கெட்டி அட்டை, விலையோ மிகக் குறைவு. பெரல்மானின் அறிவியல் புத்தகங்களை அப்படித்தான் படித்தேன். பிறகு சென்னையில் வேலை பார்த்தபோது ரஷ்யக் கலாசார மையத்தில் மாலை வகுப்பில் சேர்ந்து படித்தேன். ஊருக்குத் திரும்பியதும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன்.

முதல் வேலை

2013-இல் ஒரு சிறு ஏற்றுமதி நிறுவனத்திலிருந்து ஒரு எக்செல் ஃபைல் வந்தது. 64 வரிகள். பைப், எல்போ, டீ, ஃபிளேன்ஜ், வால்வு, கப்ளிங், இவைதான். ஒரு வரிக்கு நாலைந்து சொல்லுக்கு மேல் இல்லை. "இதற்கு ஒரு வாரமா? ஒரே இரவில் முடித்துவிடலாம்" என்று நினைத்தேன். இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் மொழிபெயர்ப்பு வசதியில் வரிகளைப் போட்டேன். ரஷ்யச் சொற்கள் மளமளவென்று வந்து விழுந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கொஞ்சம் ரஷ்ய மொழி தெரிந்ததால் சில வரிகளில் சந்தேகம் வந்தது. எல்போ என்பதற்கு 'லோக்கத்' என்று வந்திருந்தது. அது மனிதனின் முழங்கை! வளைந்த குழாயை ரஷ்யர்கள் முழங்கை என்று சொல்வதே இல்லை. பேச்சில் 'கலேனா' என்பார்கள். அதற்கு முழங்கால் என்று பொருள். ஆங்கிலேயன் கையை மடக்கிப் பார்த்தான், ரஷ்யன் காலை மடக்கிப் பார்த்தான் போலிருக்கிறது. வெல்டிங் செய்து பொருத்தும் எல்போவுக்கு அவர்களின் தரநிர்ணய ஏடுகளில் வேறு பெயர்: 'அத்வோத்'. மரை போட்டுத் திருகும் சிறிய எல்போ என்றால் அதுவும் இல்லை, 'ஊகல்னிக்'. ஆக, எல்போ என்ற ஒரே சொல்லுக்கு மூன்று சொற்கள். எதைப் போடுவது என்பது குழாயின் முனை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஃபைலில் அது இன்னொரு காலத்தில் இருந்தது. நான் காலம் காலமாகப் பிரித்துப் போட்டதால் கம்ப்யூட்டருக்கு அது தெரியவே இல்லை.

ஷெட்யூல் 40 என்பது இன்னும் வேடிக்கை. 'ரஸ்பிஸானியே 40' என்று வந்தது. ரயில் நிலையத்தில் மாட்டியிருக்கும் கால அட்டவணைக்கு ரஷ்யர்கள் சொல்லும் சொல் அது! குழாய்த் தொழிலில் ஷெட்யூல் என்பது சுவரின் கனத்தைக் காட்டும் எண். குழாய் தாங்க வேண்டிய அழுத்தத்தை, அந்த உலோகத்துக்கு அனுமதித்த தகைவால் வகுத்து, 1000-ஆல் பெருக்கித் தோராயமாக எடுத்த எண்ணாக அமெரிக்காவில் தொடங்கியது. 2 இஞ்ச் பைப்பில் ஷெட்யூல் 40 என்றால் சுவர் 3.91 மி.மீ. ஷெட்யூல் 80 என்றால் 5.54 மி.மீ. ரஷ்யர்கள் தங்கள் வழக்கப்படி சுவர் கனத்தை நேராக மில்லிமீட்டரிலேயே எழுதுவார்கள். எனவே இங்கே சொல்லை மொழிபெயர்ப்பதில் பயனில்லை. பட்டியலைப் பார்த்து எண்ணைப் போட வேண்டும்.

மேல் த்ரெட், ஃபீமேல் த்ரெட் என்று நம் பிளம்பர்கள் சொல்வதும் ஆண், பெண் என்றே போயிருந்தது. ரஷ்ய ஏட்டில் அது வெளி மரை, உள் மரை. பட்டறைப் பேச்சில் அவர்கள் அப்பா, அம்மா என்று சொல்வதுண்டு. நம்மவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை.

இப்படிப் பல்லிளித்த வரிகளை எல்லாம் திருத்தினேன். மீதி 40 வரிகள் சரியாகத்தான் தெரிந்தன. அங்கேதான் ஆபத்து இருந்தது.

அரியலூரில் கிடைத்த பாடம்

அந்த வாரம் உறவில் ஒரு காதுகுத்து. அரியலூர் போயிருந்தேன். என் சித்தப்பா திருவெறும்பூர் பக்கம் பாய்லர் உதிரி பாகங்கள் செய்யும் பட்டறையில் ஃபிட்டராக இருந்து, பிறகு அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்பு. பெருமைக்காகப் பிரின்ட் எடுத்த தாளை அவரிடம் காட்டினேன். ரஷ்ய எழுத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த ஆங்கிலத்தில் விரலை வைத்தார்.

"தம்பி, 2 இஞ்ச்னு பல இடத்துல போட்டிருக்கே. பைப்பா, டியூப்பா?"

"ரெண்டும் குழாய்தானே சித்தப்பா?"

"குழாய்னு சொன்னா தண்ணி வர்ற டேப்பும் குழாய்தான். கடையில போய் அப்படிச் சொல்லி வாங்கிட்டு வா பார்ப்போம்."

எழுந்து போய்ப் பழைய டூல் பெட்டியிலிருந்து ஒரு வெர்னியர் காலிப்பரை எடுத்து வந்தார். கொல்லையில் மோட்டார் ஷெட் அருகே கிடந்த ஒரு இரும்பு பைப் துண்டில் வைத்து என்னையே படிக்கச் சொன்னார். வெளி விட்டம் 60 மில்லிமீட்டரும் கொஞ்சமும். "இதுதான் 2 இஞ்ச் பைப். ஒரு இஞ்சுக்கு எத்தனை மில்லி?" 25.4. இரண்டு இஞ்சுக்கு 50.8. எங்கே 50.8, எங்கே 60! அப்புறம் பெட்டியிலிருந்து ஒரு பாய்லர் டியூப் வளையத்தை எடுத்துக் கொடுத்தார். அளந்தால் 50.8 சொச்சம் சுத்தமாக வந்தது. "இதுவும் 2 இஞ்ச்தான். ஆனா டியூப்."

இதை ஒரு நிமிடம் நிதானமாகப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

பைப் என்பது உள்ளே ஏதாவது ஓடுவதற்கு. அதன் 'இஞ்ச்' ஒரு பெயர் மட்டுமே. அந்தக் காலத்தில் இரும்பின் தரம் குறைவு, சுவரைத் தடிமனாக வைக்க வேண்டியிருந்தது. உள்ளே ஓடும் வழி ஏறத்தாழ அரை இஞ்ச் இருந்தால் அதை அரை இஞ்ச் பைப் என்றார்கள். பிறகு நல்ல உலோகம் வந்து சுவர் மெலிந்தது. வெளிப்புறத்தை மாற்றினால் ஏற்கனவே ஊரில் இருக்கும் மரைகளும் சாக்கெட்டுகளும் பொருந்தாமல் போய்விடும். எனவே வெளி அளவை அப்படியே விட்டுவிட்டு உள்ளே விரியவிட்டார்கள். இன்று அரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பை அளந்தால் வெளியே 21 மி.மீ.க்குச் சற்று மேல், உள்ளே சுமார் 16 மி.மீ. அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ. அது எங்கேயுமே இல்லை! இந்தக் குழப்பத்துக்காகவே மெட்ரிக் முறையில் டி.என். 15 என்று வேறு ஒரு பெயர் வைத்தார்கள். அதுவும் பெயர்தான், அளவு அல்ல.

டியூப் அப்படி இல்லை. அது பெரும்பாலும் சூட்டைக் கடத்துவதற்கோ, சட்டம் செய்வதற்கோ பயன்படுவது. அதன் வெளி விட்டம் எவ்வளவோ அதுவே அதன் பெயர். திருச்சி பெல் ஆலை போன்ற பாய்லர் செய்யும் இடங்களில் ஆயிரக்கணக்கான டியூப்கள் ஒரு தகட்டிலோ டிரம்மிலோ துளைகளுக்குள் போய் உட்கார வேண்டும். 50.8-க்குப் போட்ட துளையில் 60.3 நுழையுமா?

நம் பெரம்பலூர் விவசாயிக்கு இன்னொரு 2 இஞ்ச்சும் தெரியும். போர்வெல்லிலிருந்து மக்காச்சோளக் காட்டுக்குத் தண்ணீர் கொண்டு போகும் பி.வி.சி. பைப். கடையில் 2 இஞ்ச் என்று கேட்டால் 63 மி.மீ. பைப்பைக் கொடுப்பார்கள். பைப் மேலேயே 63 என்று அச்சாகியிருக்கும். ஆக 50.8, 60.3, 63. ஒரே 2 இஞ்ச், மூன்று அளவு.

இப்போது ரஷ்ய மொழிக்கு வாருங்கள். பைப்புக்கும் 'ட்ருபா', டியூப்புக்கும் 'ட்ருபா'. சிறியதாக இருந்தால் 'ட்ரூப்கா' என்று செல்லமாகச் சொல்வார்கள், அவ்வளவுதான். தமிழில் குழாய் மாதிரியே. என் பட்டியலில் ஆங்கிலத்தில் தனித்தனியாக இருந்த இரண்டு பொருள்கள் ரஷ்ய மொழிக்குப் போனதும் ஒன்றாகிவிட்டிருந்தன. சொல்லில் ஒரு தப்பும் இல்லை. எந்த ரஷ்ய ஆசிரியரிடம் காட்டினாலும் முழு மதிப்பெண் கொடுப்பார். பட்டியலைப் பார்த்துச் சரக்கு எடுப்பவருக்கு மட்டும் தப்பு.

உடனே நிறுவனத்துக்கு மெயில் எழுதிக் கேட்டேன். நான்கு வரிகள் டியூப் என்று பதில் வந்தது. அந்த வரிகளில் வெளி விட்டத்தையும் சுவர் கனத்தையும் மில்லிமீட்டரில் எழுதிச் சேர்த்தேன். சித்தப்பா இல்லாவிட்டால் அந்த நான்கு வரிகளும் அப்படியே போயிருக்கும்.

நான் தவறவிட்டது

இத்தோடு முடிந்தது என்று நினைத்து ஃபைலை அனுப்பினேன். பத்து நாள் கழித்து ஒரு கேள்வி திரும்பி வந்தது. 6 இஞ்ச் எல்போக்களுக்கு நான் ரஷ்ய முறைப்படி 'உஸ்லோவ்னி பிரஹோத் 150' என்று எழுதியிருந்தேன். நம் டி.என். 150-க்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. பெயரளவிலான வழி என்று பொருள் கொள்ளலாம். வாங்குபவரின் பொறியாளர் கேட்டிருந்தார்: "முதல் வகையா, இரண்டாம் வகையா?"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தேடிப் பிடித்துப் படித்தபோதுதான் தெரிந்தது. ரஷ்யத் தரநிர்ணயம் காஸ்ட் 17375, 2001-ஆம் ஆண்டுப் பதிப்பு, வெல்டிங் எல்போக்களுக்கானது. அதிலேயே இரண்டு வரிசைகள் உண்டு. முதல் வரிசை உலகம் முழுவதும் பழகும் அளவு: 60.3, 114.3, 168.3. இரண்டாவது வரிசை சோவியத் காலத்திலிருந்து அங்கே பழகிய அளவு: 57, 108, 159. பெயர் மட்டும் இரண்டுக்கும் ஒன்றேதான்: 50, 100, 150. நம் 6 இஞ்ச் பைப் 168.3. அவர்கள் ஊரில் 150 என்றால் வெல்டர் கையில் எடுப்பது பெரும்பாலும் 159. ஒன்றோடொன்றை முனைக்கு முனை வைத்தால் சுற்றிலும் 4 மில்லிமீட்டருக்கு மேல் படி விழும். ஷெட்யூல் 40-இல் சுவரின் கனமே 7.11 மி.மீ.தான். அந்தப் படியில் வெல்டிங் எங்கே நிற்கும்?

இன்னொரு வேடிக்கை, 200-க்குப் போனால் இரண்டு ஊர் அளவும் 219-இல் ஒன்றாகிவிடுகின்றன. பெரிய குழாயில் சரியாக இருந்ததை நம்பி, சிறிய குழாயிலும் சரியாக இருக்கும் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம். நான் மாட்டிக்கொண்டது அப்படித்தான். பட்டியலில் முதலில் சரி பார்த்தது 8 இஞ்ச்!

கேள்விக்குப் பதில் போய், அவர்கள் ஒப்புக்கொண்டு, திருத்திய பட்டியல் கையெழுத்தாகும் வரை சரக்கு கிடங்கிலேயே நின்றது. எனக்கு வர வேண்டிய பணமும் நின்றது. அவர்கள் கோபப்பட்டார்கள். நியாயமான கோபம்தான். ஒரு எண்ணைச் சேர்த்து எழுதியிருந்தால் போதும், 168.3 என்று.

கூடங்குளத்தில் இருப்பது போன்ற ரஷ்ய உலையில் முதன்மைக் குளிர்நீர் ஓடும் குழாயின் உள்வழி 850 மி.மீ., வெளி விட்டம் 990 மி.மீ., சுவர் 70 மி.மீ. 990-இல் இரண்டு 70-ஐக் கழித்துப் பாருங்கள், 850 சரியாக வரும். அங்கே பெயரும் அளவும் ஒன்றாக இருக்கின்றன. நம் கைக்கு வரும் சின்னச் சின்னக் குழாய்களில்தான் இந்த வம்பு.

கம்ப்யூட்டரில் என்ன செய்ய வேண்டும்?

சரி, இனி உங்கள் கம்ப்யூட்டர் பக்கம் வருவோம். ரஷ்ய மொழிக்குப் பதில் நீங்கள் ஜெர்மன் செய்யலாம், இந்தி செய்யலாம், தமிழிலேயே பம்ப் செட் கையேடு எழுதலாம். வேலை ஒன்றுதான்.

முதலில் எழுத்து. விண்டோஸ் 10 அல்லது 11 வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதியில் ஆட் எ லாங்குவேஜ் என்பதைக் க்ளிக் செய்து ரஷ்யன் என்று தேர்ந்தெடுங்கள். கூடவே தமிழையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மொழி மாறும். ரஷ்ய கீபோர்டு வரிசை மனதில் நிற்காது. கவலை வேண்டாம், ரஷ்யன் நெமானிக் என்று ஒரு கீபோர்டு இருக்கிறது. அதில் ஆங்கில ஒலிப்படி தட்டினால் ரஷ்ய எழுத்து வரும். தமிழுக்கு நாம் அம்மா என்று ஆங்கில எழுத்தில் தட்டுகிறோமே, அதே மாதிரி.

பழைய ஃபைல்கள் திறந்ததும் கோழி கிளறியது போல் தெரிந்தால் ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். நம்மிடம் டேம், டேப், டிஸ்கி என்று ஆளுக்கொரு எழுத்துருக் குறியீடு இருந்து படாதபாடு பட்டோமே, ரஷ்யர்களும் அதே பாடு பட்டவர்கள்தான். அவர்களிடம் கொய்-8, விண்டோஸ் 1251 என்று தனித்தனிக் குறியீடுகள் இருந்தன. வேர்டில் அந்த டெக்ஸ்ட் ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங் கேட்டால் சிரிலிக் வகைகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், ஒன்றில் தெளிவாகிவிடும். நீங்கள் சேமிக்கும்போது நோட்பேடில் என்கோடிங் என்ற இடத்தில் யு.டி.எஃப்-8 இருக்கிறதா என்று கவனியுங்கள். ஆன்சி என்று இருந்தால் தமிழும் ரஷ்யமும் வரிசையாகக் கேள்விக்குறிகளாக மாறிவிடும். அப்படி ஒருமுறை சேமித்து மூடிவிட்டால் பிறகு மீட்க முடியாது.

எக்செல்லில் இன்னும் கவனம் வேண்டும். முக்கால் இஞ்ச் என்று 3/4 தட்டி எண்டர் அடியுங்கள். ஏப்ரல் 3 என்று தேதி வந்து உட்கார்ந்திருக்கும்! அரை இஞ்ச் பிப்ரவரி 1 ஆகிவிடும். தட்டுவதற்கு முன்பே அந்தக் காலம் முழுவதையும் தேர்ந்தெடுத்து, ஃபார்மேட் செல்ஸ் போய், டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். தட்டி முடித்த பிறகு மாற்றினால் தேதிக்குப் பதில் ஏதோ ஐந்து இலக்க எண் வரும், அதுவும் வம்பு. ரஷ்யர்கள் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் கமா போடுவார்கள் என்பதையும் மறக்காதீர்கள். 3,912 என்று அவர்கள் எழுதினால் நாலுக்குச் சற்றுக் குறைவு. நம் எக்செல் அதை மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு என்று எடுத்துக்கொள்ளும்.

தேடுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. குழாய் அளவை 57 பெருக்கல் 3,5 என்று எழுதும்போது ரஷ்யர்கள் நடுவில் போடுவது அவர்களுடைய 'ஹா' எழுத்து. பார்வைக்கு ஆங்கில எக்ஸ் மாதிரியே இருக்கும். நீங்கள் ஆங்கில எக்ஸ் போட்டுத் தேடினால் ஃபைலில் இருந்தும் கிடைக்காது. நம் ஔவையார் கதைதான். சரியான 'ஔ' எழுத்துக்குப் பதில் 'ஒ' தட்டிப் பக்கத்தில் 'ள' தட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் ரஷ்யச் சொல்லைத் தட்டாமல் ஃபைலிலிருந்தே காப்பி செய்து தேடுவது என் வழக்கம்.

சொல் சரியா என்று பார்ப்பது எப்படி?

எல்லோரும் சொல்லும் வழி, வந்த ரஷ்யச் சொல்லைத் திருப்பி ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துப் பார்ப்பது. இதை நம்பாதீர்கள். 'லோக்கத்' என்று திருப்பிப் போட்டால் சமர்த்தாக எல்போ என்றுதான் வரும். 'ட்ருபா' போட்டால் பைப் என்று வரும். போன வழியிலேயே திரும்பி வந்தால் போன இடம் சரியா என்று எப்படித் தெரியும்?

நான் செய்வது படத் தேடல். ரஷ்யச் சொல்லைக் காப்பி செய்து தேடுபொறியில் போட்டு, இமேஜஸ் என்பதைக் க்ளிக் செய்கிறேன். 'க்ரான்' என்று போட்டுப் பாருங்கள். தண்ணீர்க் குழாய்த் திருகும் வரும், கட்டடம் கட்டும் இடத்தில் நிற்கும் உயரமான கிரேனும் வரும். அவர்களுக்கு இரண்டுக்கும் ஒரே சொல். பந்து என்ற பொருளில் 'ஷராவோய்' என்று முன்னால் சேர்த்தால் கிரேன் போய்விடும், பால் வால்வு மட்டும் நிற்கும். கேட் வால்வுக்கு 'ஸத்வீஷ்கா', ஒரு பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வுக்கு 'அப்ராத்னி க்லாபன்'. வால்வு என்று பொதுவாக ஒரு சொல்லைப் போட்டுத் தப்பிக்க அந்த மொழியில் வழி குறைவு. எந்த வால்வு என்று நீங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

படத்தில் திருப்தி இல்லையென்றால் தரநிர்ணய எண்ணைப் பிடிக்கிறேன். நம்மிடம் ஐ.எஸ். 1239 இருக்கிறது, ஜி.ஐ. பைப் கடையில் ஏ கிளாஸ், பி கிளாஸ், சி கிளாஸ் என்பார்களே, அதுதான். லைட்டுக்கு மஞ்சள் பட்டை, மீடியத்துக்கு நீலம், ஹெவிக்குச் சிவப்பு. ரஷ்யர்களுக்கு அதற்கு ஈடாக காஸ்ட் 3262. அதிலும் லேசு, சாதாரணம், பலமானது என்று மூன்று உண்டு. 50-க்குச் சுவர் 3, 3.5, 4.5 மி.மீ. அதில் வெளி விட்டம் 60 என்றுதான் இருக்கும், 57 அல்ல. அதாவது ரஷ்யாவுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய்க்கு ஒரு 50, தையலில்லாக் குழாய்க்கு வேறு ஒரு 50!

தையலில்லா என்று நான் சும்மா எழுதவில்லை. ஆங்கில சீம்லெஸ், ரஷ்ய 'பெஸ்ஷோவ்னயா' இரண்டிலும் இருப்பது தையல்தான். தகட்டை வளைத்து ஓரங்களை ஒட்டவைத்த கோடு துணியின் தையல் மாதிரி இருப்பதால் வந்த பெயர். இந்த ஒரு சொல்லில் மூன்று மொழியும் சண்டையில்லாமல் ஒத்துப்போகின்றன.

சொந்தச் சொல் ஏடு

கிடைத்ததை எல்லாம் எழுதி வையுங்கள். என் எக்செல் ஏட்டில் ஆங்கிலம், ரஷ்யம், கடைத் தமிழ், வெளி விட்டம், தர எண், யார் சொன்னது, எப்போது என்று ஏழு காலங்கள். எப்போது என்பதை விட்டுவிடாதீர்கள். தர ஏடுகள் புதிதாக வரும், பழையது செல்லாமல் போகும். அரியலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2001-இல் தனி மாவட்டம், 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ப்பு, 2007-இல் மறுபடி தனி மாவட்டம். சித்தப்பா வீட்டு முகவரியில் கடிதத்தின் தேதியைப் பார்த்துத்தான் மாவட்டத்தின் பெயரைச் சொல்ல முடியும்.

ஏடு வளர்ந்ததும் ஒமேகா-டி என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். இது தானாக மொழிபெயர்க்காது. நீங்கள் முன்பு செய்த வரிகளை நினைவில் வைத்துக்கொண்டு, அதே மாதிரி வரி வரும்போது எடுத்துக் காட்டும். உங்கள் ஏட்டிலிருந்து ஆங்கிலம், ரஷ்யம், குறிப்பு என்ற மூன்று காலங்களைக் காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்தால் நடுவில் டேப் தானாக விழும். அதை யு.டி.எஃப்-8-இல் சேமித்து, அந்த வேலையின் க்ளாஸரி ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். எல்போ என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் 'அத்வோத், ஊகல்னிக், முனையைப் பார்' என்ற என் குறிப்பு ஓரத்தில் வந்து நிற்கும்.

இலவச மொழிபெயர்ப்பு வசதிகள் 2013-இல் இருந்ததைவிட இப்போது எவ்வளவோ தேறிவிட்டன. முழு வரியாகக் கொடுத்தால் ஷெட்யூலைக் கால அட்டவணை ஆக்குவது குறைந்திருக்கிறது. நானும் முதல் கை வேலைக்குப் பயன்படுத்துகிறேன். ஆனால் வாடிக்கையாளரின் வரைபடத்தையோ விலைப் பட்டியலையோ அவரைக் கேட்காமல் அதில் போடுவதில்லை. 2 இஞ்ச் என்று ஃபைலில் இருந்தால், அது பைப்பா டியூப்பா என்று திருப்பிக் கேள்வி கேட்கும் என்று எதிர்பார்ப்பதும் இல்லை. அந்தக் கேள்வியை நான்தான் மெயிலில் கேட்கிறேன். முதல் நாளே, விலை பேசுவதற்கு முன்பே.

போன மாதம் வந்த பட்டியலில் பிக் என்று ஒரு சொல் இருந்தது. பன்றி! எண்ணெய்க் குழாய்க்குள் விட்டுச் சுத்தம் செய்யும் கருவியின் பெயராம். ரஷ்யத்தில் அது சுரண்டி என்ற பொருள் தரும் 'ஸ்க்ரெபோக்'கா, வேறா என்று பார்க்க வேண்டியிருந்தது. சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டேன்.

"பன்னி சும்மா தள்ளிக்கிட்டுப் போறதா, உள்ள ஓட்டை இருக்கான்னு பார்த்துக்கிட்டுப் போறதா?" என்றார். அன்றே மெயில் அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.